காட்டு நாட்டின் நகரப் பிள்ளைகள்

ஊர் நூலகங்களில் சிறார் வாசகர் வட்டம் நடத்துவோருக்கும், பள்ளிகளில் சமூக அறிவியல் எடுக்கும் ஆசிரியர்களுக்கும், சிறுவர் இதழ்களில் நாடுகளை அறிமுகம் செய்யும் பக்கம் எழுதுவோருக்கும் ஒரு திறந்த மடல்



நடு ஆப்பிரிக்காவின் மழைக்காட்டு நாடு ஒன்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும் என்றால், உங்களில் பலருடைய கை முதலில் தேடுவது ஒரு கொரில்லா படத்தைத்தான். பழக்கம் புதிதல்ல, நூற்றைம்பது ஆண்டு கடந்தது. 1850-களில் இன்றைய காபோன் நாட்டுக் கடற்கரையிலிருந்து உள்ளே போன பால் தூ ஷாயூ என்பவர், 1861-இல் தம் பயண நூலை வெளியிட்டார். மார்பில் அறைந்துகொண்டு பாய்ந்து வரும் அரக்கனாகக் கொரில்லா அதில் வந்தது. நூல் பரபரப்பாக விற்றது. சில ஆண்டுகள் கழித்துக் கொரில்லா நாட்டுக் கதைகளைச் சிறுவர்களுக்கென்றே தனியாகவும் எழுதினார். ஐரோப்பா, அமெரிக்காவின் பிள்ளைகளுக்குக் காபோன் அறிமுகமானது இப்படி: மிருகம், துப்பாக்கி, இருட்டு. 1980-களில் லோப்பே என்ற இடத்தில் ஆய்வு நிலையம் அமைத்துக் கொரில்லாக்களைப் பின்தொடர்ந்தவர்கள் கண்டது பழமும் இலையும் தின்று, மனிதரைக் கண்டால் ஒதுங்கிப் போகும் கூச்ச சுபாவி. ஆனாலும் பழைய படம் சிறுவர் நூல்களை விட்டு இன்னும் இறங்கவில்லை.

எனவே காபோனையே எடுத்துக்கொண்டு, வேறு எங்கிருந்தெல்லாம் தொடங்கலாம் என்று இந்த மடல் பேச விரும்புகிறது.

முதலில் அளவு. காபோனின் பரப்பு சுமார் 2,67,000 சதுர கி.மீ. தமிழ்நாட்டைப் போல இரண்டு மடங்கு. மக்கள்தொகையோ 25 லட்சம்தான். சென்னை மாநகராட்சியில் அதைவிட அதிகம் பேர் இருக்கிறார்கள். நிலத்தில் 88 விழுக்காடு காடு. இந்த மூன்று எண்களையும் கரும்பலகையில் எழுதிவிட்டு, அங்குள்ள மக்கள் எங்கே குடியிருப்பார்கள் என்று கேளுங்கள். காட்டில்தான் என்று வகுப்பே சேர்ந்து சொல்லும். உண்மை நேர் எதிர். காபோன் மக்களில் பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு நகரவாசிகள். மூன்றில் ஒருவருக்கு மேல் தலைநகர் லீப்ரவில்லிலேயே இருக்கிறார்கள். ஆப்பிரிக்காவிலேயே மிக அதிகமாக நகரமயமான நாடுகளில் இது ஒன்று. காடு பெரும்பாலும் காலியாக, மக்கள் கடலோரத்திலும் ரயில் பாதையோரத்திலும் சுரங்க ஊர்களிலும் நெருக்கியடித்து வாழும் நாடு. பிள்ளைகளின் புருவம் உயரும் இந்த இடம்தான் நல்ல தொடக்கம் என்று படுகிறது.

லீப்ரவில்லில் பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரிந்த உலகம் என்ன? அட்லாண்டிக் கடல். வாகன நெரிசல். டாக்ஸி. அங்கே டாக்ஸி பிடிப்பது தனிக் கலை: சாலையோரம் நின்று போகும் இடத்தையும் தரப்போகும் தொகையையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். ஓட்டுநருக்குக் கட்டுப்படியானால் ஹாரன் அடிப்பார், ஏறிக்கொள்ளலாம். இல்லாவிட்டால் பேசாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். உள்ளே ஏற்கெனவே இரண்டு மூன்று பேர் உட்கார்ந்திருப்பார்கள். பள்ளியில் பிரெஞ்சு. பல வீடுகளில் அதுவே தாய்மொழி ஆகிவிட்டது. நாட்டில் நாற்பதுக்கு மேற்பட்ட மொழிகள் இருந்தும், பாட்டி பேசும் ஃபாங் மொழியோ புனு மொழியோ பேரனுக்குச் சரளமாக வராத வீடுகள் தலைநகரில் ஏராளம். இளைஞர்கள் பிரெஞ்சோடு உள்ளூர்ச் சொற்களையும் ஆங்கிலத்தையும் கலந்து ‘தோலி பங்காந்தோ’ என்று ஒரு தெருப்பேச்சையே உண்டாக்கி வைத்திருக்கிறார்கள். கால்பந்தில் தேசிய அணிக்குச் சிறுத்தைகள் என்று பெயர்; 2015-இல் ஆப்பிரிக்காவின் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கிய பியேர்-எமெரிக் ஓபமேயாங் அந்த அணியின் நாயகன். நாட்டின் முதல் ஒலிம்பிக் பதக்கம் மட்டும் கால்பந்தில் வரவில்லை. 2012-இல் லண்டனில் டேக்வாண்டோ வீரர் அந்தோனி ஓபாம் வெள்ளி வென்றார். இந்தப் பிள்ளைகளில் பலர் காட்டு யானையை நம் பிள்ளைகளைப் போலவே படத்தில்தான் பார்த்திருப்பார்கள்.

அந்த நகரத்தின் பிறப்பையும் மறைக்காமல் சொல்லலாம். 1846-இல் எலிசியா என்ற அடிமை வணிகக் கப்பலைப் பிரெஞ்சுக் கடற்படை பிடித்தது. அதிலிருந்து மீட்கப்பட்டவர்களில் ஒரு குழுவினர் 1849-இல் இங்கே கொண்டுவந்து குடியமர்த்தப்பட்டார்கள். விடுதலை பெற்றவர்களின் ஊர் என்பதால் அதற்கேற்ற பெயர். விடுவித்த அதே பிரான்ஸ்தான் பிறகு நாட்டையே தன் ஆட்சிக்குள் வைத்துக்கொண்டது. 1960 ஆகஸ்ட் 17 வரை. இந்த முரணைப் பிள்ளைகள் புரிந்துகொள்வார்களா என்ற தயக்கம் பெரியவர்களுக்குத்தான்.

நகரத்திலிருந்து காட்டுக்குப் போக ஒரு ரயில் இருக்கிறது. 1974-இல் தொடங்கி 1986-இல் முடித்த பாதை. தலைநகரை ஒட்டிய ஓவெண்டோ துறைமுகத்திலிருந்து கிழக்கே ஃபிரான்ஸ்வில் வரை சுமார் 650 கி.மீ. ஓடுகிறது. பயணிகளை ஏற்றினாலும் அதன் முதன்மை வேலை மாங்கனீசுத் தாதுவைத் துறைமுகம் சேர்ப்பது. எஃகுக்கு உறுதி தரும் இந்தத் தாதுவில் காபோன் உலகின் முன்னணி நாடுகளில் ஒன்று. ரயில் வருவதற்கு முன்பு, மோவாண்டா சுரங்கத்திலிருந்து காங்கோ எல்லைக்கு 76 கி.மீ. நீளக் கம்பிவடத்தில் வாளிகள் காட்டுக்கு மேலே தொங்கியபடி தாதுவைச் சுமந்து போயின. வரைபடத்தில் ஒரு நூலைப் பிடித்துக் காட்டினாலே பிள்ளைகள் அடுத்த கேள்விக்குத் தயாராகிவிடுவார்கள்.

அந்த ரயில் நிற்கும் ஊர்களில் ஒன்று லோப்பே. காடும் புல்வெளியும் மாறிமாறி வரும் இந்தத் தேசியப் பூங்கா 2007 முதல் உலக மரபுச் சின்னம். இங்கே சற்று நின்று பேசலாம். இங்கு நடந்துவரும் வேலையைப் போலச் சிறாருக்கு ஏற்ற அறிவியல் கதை கிடைப்பது அரிது. 1980-களிலிருந்து மாதம் தவறாமல் ஆட்கள் காட்டுக்குள் நடந்து, அடையாளமிட்ட நூற்றுக்கணக்கான மரங்களின் அடியில் நின்று, தொலைநோக்கியால் அண்ணாந்து பார்த்து, பூ இருக்கிறதா, காய் இருக்கிறதா, துளிர் விட்டிருக்கிறதா என்று குறித்து வருகிறார்கள். வேலை அவ்வளவுதான். கருவி என்று பெரிதாக ஒன்றும் இல்லை; கழுத்துவலி உண்டு. முப்பது ஆண்டுக் குறிப்புகளைச் சேர்த்துப் பார்த்தபோது கிடைத்த முடிவு 2020-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. 1980-களில் ஒரு யானை பத்து மரங்களைச் சுற்றினால் ஒன்றிலாவது பழுத்த பழம் கிடைத்தது. இப்போது ஐம்பதுக்கு மேற்பட்ட மரங்களைத் தேட வேண்டியிருக்கிறது. பழம் கிடைக்கும் வாய்ப்பு 81 விழுக்காடு சரிந்துவிட்டது. 2008-க்குப் பிறகு எடுத்த புகைப்படங்களை வைத்து யானைகளின் உடல்வாகை மதிப்பிட்டபோது அதுவும் 11 விழுக்காடு இளைத்திருந்தது.

காரணம் என்ன? நிலநடுக்கோட்டு நாடு என்றால் எந்நாளும் வெயிலும் மழையும்தான் என்று பாடநூல்கள் பழக்கிவிட்டன. காபோனில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையில்லாப் பருவம். ஆனால் வெயிலும் கொளுத்தாது. வானம் சாம்பல் மேகம் மூடிக் கிடக்கும், இரவு குளிரும். லோப்பே மரங்களில் சிலவற்றுக்கு அந்தக் குளிர்தான் பூக்கச் சொல்லும் கட்டளை. இரவு வெப்பநிலை 19 டிகிரிக்குக் கீழே இறங்கினால்தான் மொட்டு வைக்கும். பூமி சூடாக ஆக அந்தக் குளிர்ந்த இரவுகள் குறைகின்றன. காடு, பார்வைக்குப் பச்சைப்பசேல் என்று நின்றபடியே, உள்ளே பட்டினி போடுகிறது. ஆய்வாளர்கள் இதையே முதன்மையான விளக்கமாக முன்வைக்கிறார்கள். காலநிலை மாற்றம் என்றதும் உருகும் பனிமலையில் நிற்கும் கரடியைத்தானே காட்டுகிறோம்? இந்த யானையையும் ஒருமுறை காட்டலாம். உங்கள் ஊர்ப் பள்ளி வளாகத்திலுள்ள வேம்பையும் புங்கையும் மாதம் ஒருமுறை இப்படிக் குறித்துவைக்க ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

காபோன் மரம் நம் வீடுகளுக்குள்ளும் வந்திருக்கிறது. ஓக்குமே என்ற மரம் காபோனிலும் அதை ஒட்டிய சிறு பகுதிகளிலும் மட்டுமே இயற்கையாக வளர்கிறது. நாட்டுச் சின்னத்திலும் அதற்கு இடம் உண்டு. இளஞ்சிவப்பாக, எடை குறைந்து, மென்மையாக இருக்கும். அடிமரத்தை இயந்திரத்தில் பொருத்திச் சுழற்றி, நீளமான கத்தியை அணைத்துவைத்தால், பென்சில் சீவும்போது வரும் சுருளைப் போல மெல்லிய தாள் உரிந்து வரும். இந்தியாவின் ப்ளைவுட் ஆலைகள் மேல்தாளுக்காக இதைப் பெருமளவில் இறக்குமதி செய்கின்றன. ப்ளைவுட் கடையில் ஓக்குமே என்று கேட்டால் கடைக்காரருக்கே தெரியும். முன்பு மரத்தை அப்படியே வெட்டிக் கப்பலேற்றினார்கள். உரிப்பதும் ஒட்டுவதும் கூலி பெறுவதும் வேறு நாடுகளில். 2010-இல் காபோன் முழு மரத்தை ஏற்றுமதி செய்வதற்குத் தடை விதித்தது. வேண்டுமானால் இங்கே வந்து ஆலை போடுங்கள் என்பது அதன் பொருள். தலைநகருக்கு அருகில் அங்கோக் என்ற இடத்தில் அமைந்த சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் ஆலை போட்டவர்களில் இந்திய நிறுவனத்தாரும் உண்டு. மரத்தை வெட்டாதே என்ற ஒற்றை வரிப் பாடத்தைவிட, மரத்தை யார் வெட்டலாம், எத்தனை, உரிக்கும் வேலை யாருக்கு என்ற கேள்விகள் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குச் சுவையாகவே இருக்கும்.

போகிற போக்கில் ஒரு வேண்டுகோள். மழைக்காட்டைப் பூமியின் நுரையீரல் என்று எழுதுவதை நிறுத்திக்கொள்ளலாம். முதிர்ந்த காடு தான் வெளிவிடும் ஆக்சிஜனை ஏறக்குறைய தானே செலவழித்துவிடுகிறது. அதன் பெரிய வேலை கரியைத் தன் உடம்பில் பூட்டி வைப்பது. தான் வெளியிடுவதைவிட அதிகமான கரியமில வாயுவை உள்வாங்கும் மிகச் சில நாடுகளில் காபோன் ஒன்று. காட்டைக் காத்து உமிழ்வைக் குறைத்ததற்காக 2021-இல் நார்வேயின் நிதியிலிருந்து 1.7 கோடி டாலர் பெற்றது. அவ்வகையில் பணம் பெற்ற முதல் ஆப்பிரிக்க நாடு அதுதான்.

இவ்வளவு காடும் எப்படித் தப்பியது? பாதிப் பதில் எண்ணெய். கடலோர எண்ணெய் வருமானம் மக்களை நகரத்துக்கு இழுத்தது. காட்டை அழித்து வேளாண்மை செய்யும் நெருக்கடி வரவில்லை. மீதிப் பதிலில் ஒரு நெடுநடை உண்டு. மைக் ஃபே என்ற அமெரிக்க உயிரியலாளர் 1999 செப்டம்பரில் காங்கோ காட்டில் கிளம்பி, உள்ளூர்த் துணையாட்களோடு 456 நாள், 3,200 கி.மீ. நடந்து காபோன் கடற்கரையை அடைந்தார். வழியில் கண்டதையெல்லாம் குறித்தார், உடன் வந்த நிக் நிக்கல்ஸ் படம் பிடித்தார். கடற்கரை மணலில் யானை, அலையில் மிதந்து விளையாடும் நீர்யானை என்று அந்தப் படங்கள் உலகைச் சுற்றின. 2002-இல் அதிபர் ஒமர் போங்கோ ஒரே அறிவிப்பில் 13 தேசியப் பூங்காக்களை உருவாக்கினார்.

எல்லோருக்கும் இது கொண்டாட்டமாக இல்லை. உலகில் மிஞ்சியிருக்கும் ஆப்பிரிக்கக் காட்டு யானைகளில் பாதிக்கு மேல், ஏறத்தாழ 95,000, காபோனில்தான். சாண எச்சங்களிலிருந்து மரபணுவை எடுத்து எண்ணிய கணக்கு இது. ஆண்டு முழுக்கப் பாடுபட்டு வளர்த்த மரவள்ளியையும் வாழையையும் ஓர் இரவில் தின்றுவிட்டுப் போகும் யானையைக் கிராமத்துப் பெண் பாதுகாக்கப்பட்ட இனம் என்று பார்ப்பதில்லை. அரசுக்கு யானை மேலுள்ள கரிசனம் எங்கள் மேல் இல்லை என்ற கோபம் அங்கே தேர்தல் மேடை வரை வந்திருக்கிறது. வடகிழக்கில் மின்கேபே காட்டிலோ கதை வேறு: 2004-க்கும் 2014-க்கும் இடையில் 25,000-க்கும் மேற்பட்ட யானைகள் தந்தத்துக்காகக் கொல்லப்பட்டன. வால்பாறையிலோ கூடலூரிலோ பாடம் எடுப்பவர்களுக்கு இதில் விளக்க எதுவும் இல்லை. பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

அறிவியல் ஆசிரியர்களுக்கென்று காபோன் தனியாக ஒன்றை வைத்திருக்கிறது. 1972-இல் பிரான்சில் ஒரு யுரேனிய ஆலையில், காபோனின் ஓக்லோ சுரங்கத்திலிருந்து வந்த தாதுவில் கணக்கு இடித்தது. யுரேனியம்-235 எங்கும் 0.7202 விழுக்காடு இருக்க வேண்டும், அதில் 0.7171 இருந்தது. சிறு வித்தியாசம்தான். ஆனால் நிலவிலிருந்து எடுத்துவந்த பாறையில்கூட மாறாத அளவு அது. யாராவது திருடிக் குண்டு செய்துவிட்டார்களா என்ற அச்சத்தோடு தேடியவர்களுக்குக் கிடைத்த பதில்: அந்த யுரேனியம் ஏற்கெனவே எரிந்துவிட்டது, ஏறக்குறைய 200 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, மண்ணுக்கடியில், தானாகவே. அக்காலத்தில் யுரேனியம்-235-இன் பங்கு 3 விழுக்காட்டுக்கு மேல். இன்றைய அணு உலை எரிபொருளுக்குச் சமம். நிலத்தடி நீர் ஊறிவந்து நியூட்ரான்களின் வேகத்தைத் தணித்ததும் பிளவு தொடங்கும். சூடேறி நீர் கொதித்து வெளியேறியதும் நிற்கும். மறுபடி நீர் ஊறும். அரை மணி நேரம் எரிந்து, இரண்டரை மணி நேரம் அணைந்து, இப்படியே லட்சக்கணக்கான ஆண்டுகள். கூடங்குளத்தையும் கல்பாக்கத்தையும் கேள்விப்பட்ட பிள்ளைகளுக்கு, பொறியாளரே இல்லாமல் ஓடிய உலை என்று சொல்லிப் பாருங்கள். உலை அணைந்த பின் அதன் கழிவு எங்கே போனது என்பார்கள். பெரும்பகுதி இடம்விட்டு நகரவே இல்லை. அணுக்கழிவைப் புதைப்பது பற்றி ஆராய்பவர்கள் இன்றும் ஓக்லோவைப் புரட்டிப் பார்ப்பது அதனால்தான்.

விலங்குகளே வேண்டாம் என்பதல்ல இந்த மடலின் வாதம். அபண்டா குகைகளில் வௌவாலும் சிள்வண்டும் தின்று இருட்டிலேயே வாழும் குள்ள முதலைகளில் சில ஆரஞ்சு நிறமாக மாறியிருக்கின்றன. வௌவால் எச்சம் கரைந்த நீரில் காலமெல்லாம் ஊறியதே காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். லோப்பேயில் முகத்தில் சிவப்பும் நீலமும் பூசிய மாண்ட்ரில் குரங்குகள் ஒரே கூட்டமாக 845 வரை எண்ணப்பட்டுள்ளன. லோவாங்கோ தேசியப் பூங்காவில் 2019-இல் ஒரு தாய்ச் சிம்பன்சி பறக்கும் பூச்சியைப் பிடித்து, உதட்டில் வைத்து அழுத்தி, மகனின் காயத்தில் தடவியது. பிறகு மற்றவையும் அப்படிச் செய்வதைப் பார்த்தார்கள். அதில் மருந்து உண்டா என்பது இன்னும் தெளியவில்லை. தெளியாததைத் தெளியாதது என்றே சொல்லலாம்.

மனிதர்களில் யாரைச் சொல்வது? லம்பரேனேயில் 1913-இல் மருத்துவமனை தொடங்கிய ஆல்பர்ட் ஷ்வைட்சரை நம் தமிழ்ச் சிறுவர் நூல்களும் அறியும். 1952-ஆம் ஆண்டுக்கான நோபல் அமைதிப் பரிசு பெற்றவர். ஆப்பிரிக்கரைத் தம்பியாகவும் தன்னை மூத்த அண்ணனாகவும் வைத்துப் பேசியவர் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் ஆள் முழுசாகத் தெரிவார். அவருக்கு முன்பே, 1895-இல் ஓகோவே ஆற்றில் படகில் போய் மீன்களைச் சேகரித்த மேரி கிங்ஸ்லி, ஈட்டி நட்ட பொறிக்குழியில் விழுந்து, கனத்த பாவாடை காப்பாற்ற எழுந்து வந்தவர். பிள்ளைகளுக்கு அவரைத்தான் அதிகம் பிடிக்கும். ஆனால் வெள்ளைக்காரர்களோடு நிறுத்தினால் தூ ஷாயூ பாதைக்கே திரும்பிவிட்டோம் என்று ஆகும். பார்வைக் குறைபாடு கொண்ட பாடகர் பியேர் அகெந்தெங்கே இருக்கிறார். பாஹின் இசையையும் காபோன் மக்களின் பாடல்களையும் பின்னிய ‘லம்பரேனா’ இசைத்தொகுப்பில் அவருடைய பங்கு பெரிது. ஃபாங் மக்களின் ம்வெத் இருக்கிறது. அது யாழ் போன்ற வாத்தியத்தின் பெயர், அதை மீட்டியபடி இரவெல்லாம் சொல்லும் காவியத்தின் பெயரும் அதுவே. ரஃபியா பனை மட்டையின் நாரையே தூக்கிக் கட்டி நரம்பாக்கி, சுரைக்குடுவையைத் தொங்கவிட்டுச் செய்வது. விடியும் வரை நடக்கும் கூத்தைப் பார்த்த பிள்ளைக்கு அந்த இரவு அந்நியமாக இராது.

அரசியலைச் சுருக்கமாகவாவது சொல்லிவிடுங்கள். 1967 முதல் 2009 வரை அதிபர் ஒமர் போங்கோ. பிறகு அவர் மகன் அலி. 2023 ஆகஸ்ட் 30-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அதற்குத் தலைமை தாங்கிய ஒலிகி இங்கேமா 2025-இல் தேர்தலில் நின்று அதிபரானார். எண்ணெயும் மாங்கனீசும் இருந்தும் மக்களில் மூன்றில் ஒருவர் வறுமையில் இருக்கிறார். ஏன் என்று ஒரு பிள்ளையாவது கேட்கும்.

சாப்பாட்டுக்கு வந்தால் வகுப்பு கலகலப்பாகிவிடும். கசப்பு மரவள்ளியை நாள்கணக்கில் நீரில் ஊறவைத்து நச்சைப் போக்கி, இடித்து, இலையில் நீளமாகச் சுற்றி வேகவைத்த குச்சிதான் அங்கே சோறு மாதிரி. பனைக்கொட்டைச் சதையில் கோழியை வேகவைத்த நியெம்ப்வே விருந்துக் குழம்பு. கருநீல அதாங்கா பழத்தைச் சுடுநீரில் போட்டு மெதுவாக்கி உப்புத் தொட்டுத் தின்பார்கள்.

கடைசியாக ஒரு முகமூடி. ஃபாங் மக்களின் இங்கில் முகமூடி, நீண்டு வெளுத்த முகம். காலனிக் காலத்தில் ஆளுநராக இருந்த ஒருவர் பிரான்சுக்குக் கொண்டுபோனது. அவர் குடும்பத்தில் வந்த முதிய தம்பதி, பரணில் கிடந்ததைப் பழம்பொருள் வியாபாரிக்கு 150 யூரோவுக்கு விற்றார்கள். 2022-இல் ஏலத்தில் அது 42 லட்சம் யூரோவுக்குப் போனது. தங்களை ஏமாற்றியதாகத் தம்பதி வழக்குத் தொடுத்தார்கள். ஏலக்கூடத்திலேயே எழுந்து நின்று, இது எங்களுடையது என்று குரல் கொடுத்தார்கள் பிரான்சில் வாழும் காபோன்காரர்கள். காபோன் அரசும் வழக்கில் சேர்ந்தது. 2023 டிசம்பரில் பிரெஞ்சு நீதிமன்றம் இரு தரப்புக் கோரிக்கையையும் தள்ளியது. தம்பதிக்கும் வியாபாரிக்கும் ஏலத்தில் எடுத்தவருக்கும் காபோனுக்கும் ஆளுக்கொரு பிள்ளையை நிறுத்தி, வகுப்பில் வழக்கை மறுபடி நடத்திப் பார்க்கலாம். நீதிபதி நாற்காலியில் மட்டும் நீங்கள் உட்கார வேண்டாம். அதற்கும் ஒரு பிள்ளை வரட்டும்.

அன்புடன்,
சிறார் நூல்களின் வாசகர் ஒருவர்